அத்தியாயம் 9: இருபுறமும் சப்ளை உள்ள பிரேக்கரை மூடுவது

ஒருபுறம் சப்ளை, மறுபுறம் இல்லை என்றால் பிரேக்கரை மூடுவதில் பெரிய சூட்சுமம் கிடையாது. எர்த் ஸ்விட்ச் திறந்திருக்கிறதா, வேலை பார்த்த ஆட்கள் வெளியேறிவிட்டார்களா, லைன் க்ளியர் திரும்பி வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு மூடலாம். இருபுறமும் சப்ளை இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. இரண்டு பக்க மீட்டரும் 110 கிலோவோல்ட் காட்டும், இரண்டும் 50 ஹெர்ட்ஸ் காட்டும். அப்படியிருந்தும், நடுவில் உள்ள பிரேக்கரை மூடிய மறுகணம் ஜெனரேட்டர் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளலாம், டிரான்ஸ்ஃபார்மர் சுருள் இடம் பெயரலாம், பிரேக்கரே வெடிக்கலாம்.

ஆலையில் டர்பைனையும் டிஜி செட்டையும் கிரிட்டோடு இணைப்பவர்கள், துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர்கள் ஆகிய இரு தரப்புக்கும் இந்த அத்தியாயம். இதில் வரும் எல்லா விதிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கைப்பிடியைத் திருப்பும் நேரத்தில் முடிவெடுக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. முடிவுகள் எல்லாம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

9.1 முதல் கேள்வி

பேனல் முன் நின்றதும் கேட்க வேண்டியது இது: இந்த இரண்டு பகுதிகளும் வேறு ஏதாவது வழியில் ஏற்கெனவே இணைந்திருக்கின்றனவா?

இணைந்திருக்கவில்லை என்றால் அவை இரண்டும் தனித்தனி வேகத்தில் ஓடுகின்றன. ஒன்று 50.02 ஹெர்ட்ஸ், இன்னொன்று 49.95 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அவற்றுக்கு இடையிலான கோணம் மாறிக்கொண்டே போகும். சிங்க்ரோஸ்கோப்பின் முள் சுற்றும். ஜெனரேட்டரை பஸ்ஸோடு இணைப்பதும், கிரிட் உடைந்து உருவான இரு தீவுகளை மறுபடி சேர்ப்பதும் இந்த வகை. முள் சரியான இடத்துக்கு வரும் நேரத்தைப் பிடிப்பதுதான் இங்கே வேலை.

ஏற்கெனவே இணைந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அதிர்வெண். முள் ஓர் இடத்தில் நிற்கும், ஆனால் 12 மணியில்தான் நிற்கும் என்று சொல்ல முடியாது. ட்ரிப் ஆன லைனைத் திரும்ப எடுப்பதும், திறந்த வளையத்தை மூடுவதும் இந்த வகை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தக் கோணம் தானாகக் குறையாது. அது சகிக்கக்கூடிய அளவா என்று தீர்மானிப்பதுதான் இங்கே வேலை.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே பல விபத்துகள் தொடங்குகின்றன. எனவே ஒற்றைக்கோட்டு வரைபடத்தை எடுத்து, எந்தெந்த பிரேக்கர் மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று விரலால் தடம் பிடித்துப் பார்த்த பிறகே சிங்க்ரோஸ்கோப் சுவிட்சைத் தொடுங்கள்.

"அந்தப் பக்கம் சப்ளையே இல்லை, டெட் பஸ்தான்" என்று மீட்டர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிடி (பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர்) ஃபியூஸ் போனாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். டெட் என்று முடிவு கட்ட, ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரமாவது வேண்டும்: மூன்று ஃபேஸ் வோல்ட்மீட்டர், எதிர்முனை நிலையத்தின் தகவல், லைன் பிடி, மின்னழுத்தக் கண்டறிவான் போன்றவற்றில் எவையேனும் இரண்டு.

9.2 நான்கு பொருத்தங்கள்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். குறை இருந்தால் பரிகாரமும் சொல்வார்கள். இங்கே நான்கே பொருத்தம், பரிகாரம் கிடையாது.

1. ஃபேஸ் வரிசை. இருபுறமும் ஆர், ஒய், பி ஒரே ஒழுங்கில் சுழல வேண்டும். இதில் தோராயம் என்ற பேச்சே இல்லை. ஒருமுறை சரிபார்த்து உறுதி செய்துவிட்டால், கேபிளிலோ டெர்மினலிலோ பிடியிலோ யாரும் கைவைக்காத வரை அது மாறாது. கைவைத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

2. மின்னழுத்த அளவு. வித்தியாசம் இருந்தால், மூடியவுடன் ரியாக்டிவ் மின்னோட்டம் பாயும். உள்ளே வரும் ஜெனரேட்டரின் வோல்டேஜ் பஸ்ஸைவிடச் சற்று மேலே இருப்பது நல்லது. அப்போது அது ரியாக்டிவ் சக்தியை வாங்காமல் கொடுத்துக்கொண்டு சேரும்.

3. அதிர்வெண். வித்தியாசம் இருந்தால், மூடியவுடன் இரு பக்க ரோட்டர்களும் ஒன்றையொன்று இழுத்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். அந்த இழுப்பு ஷாஃப்ட் வழியாகத்தான் நடக்கிறது.

4. ஃபேஸ் கோணம். நான்கிலும் கொடியது இதுதான். மூடும் கணத்தில் உள்ள கோணமே அதிர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கிறது.

பெரிய நீராவி டர்பைன் ஜெனரேட்டர்களுக்கான ஐஇஇஇ தரநிலை சொல்லும் எல்லை இது: கோணம் 10 டிகிரிக்குள், ஜெனரேட்டர் வோல்டேஜ் பஸ்ஸைவிட 0 முதல் 5 சதவீதம் வரை அதிகம், அதிர்வெண் வித்தியாசம் 0.067 ஹெர்ட்ஸுக்குள். உங்கள் இயந்திரத்தின் தயாரிப்பாளர் இதைவிட இறுக்கமான எல்லை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

9.3 கோணம் தவறினால்

திறந்திருக்கும் பிரேக்கரின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது? இருபுறமும் அளவு சமம் என்றால் கணக்கு எளிது: ஃபேஸ் மின்னழுத்தத்தை 2 ஆல் பெருக்கி, கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும்.

110 கிலோவோல்ட் அமைப்பில் ஃபேஸ் மின்னழுத்தம் 63.5 கிலோவோல்ட். கோணம் 10 டிகிரி என்றால் பிரேக்கருக்குக் குறுக்கே சுமார் 11 கிலோவோல்ட். 60 டிகிரி என்றால் முழு 63.5 கிலோவோல்ட். 180 டிகிரி என்றால் 127 கிலோவோல்ட்.

இதை மின்னோட்டமாக மாற்றிப் பாருங்கள். ஜெனரேட்டரின் சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 15 சதவீதம், டிரான்ஸ்ஃபார்மரும் கிரிட்டும் சேர்ந்து இன்னொரு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரியில் மூடினால் முழுச்சுமை மின்னோட்டத்தில் சுமார் 0.87 மடங்கு பாயும், இயந்திரம் தாங்கிக்கொள்ளும். 60 டிகிரியில் 5 மடங்கு. 180 டிகிரியில் 10 மடங்கு. இதே ஜெனரேட்டரின் முனைகளை மூன்று ஃபேஸும் ஷார்ட் செய்தாலே வருவது 6.7 மடங்குதான். தவறான கோணத்தில் சிங்க்ரனைஸ் செய்வது, பலமான கிரிட்டில், ஷார்ட் சர்க்யூட்டைவிட மோசம் என்பது இதனால்தான்.

மின்னோட்டம் 180 டிகிரியில் உச்சம் என்றாலும், ஷாஃப்ட் மீதான முறுக்குவிசை உச்சம் தொடுவது 120 டிகிரியை ஒட்டி. 120 டிகிரிப் பிழை எங்கிருந்து வரும்? கேபிளையோ பிடி வயரையோ ஒரு ஃபேஸ் தள்ளி இணைத்துவிட்டால் வரும். அதாவது ஷாஃப்டுக்கு மிக மோசமான கோணமே, வயரிங் பிழையில் மிக எளிதாக வரக்கூடிய கோணமும்கூட.

அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 2007 மார்ச் மாதம் இதைக் கண்கூடாகக் காட்டினார்கள். 'அரோரா' என்று பெயரிட்ட அந்தச் சோதனையில், 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் பிரேக்கரைத் தொலைவிலிருந்து திறந்து, கோணம் விலகிய பிறகு மூடினார்கள். மறுபடி திறந்து மறுபடி மூடினார்கள். சில நிமிடங்களில் இயந்திரம் குலுங்கி, புகை கக்கி, பயன்படாமல் போயிற்று. குண்டும் இல்லை, தீயும் வைக்கவில்லை. பிரேக்கரைத் தவறான நேரத்தில் மூடியது மட்டும்தான்.

9.4 புது வயரிங் என்றால்: வரிசை வேறு, ஃபேசிங் வேறு

ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்து "வரிசை சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது பலருக்கும் வழக்கம். அது பாதிச் சோதனைதான். ஆர்-ஒய்-பி என்றாலும் ஒய்-பி-ஆர் என்றாலும் அந்த மீட்டர் ஒரே திசையில்தான் சுற்றும். ஆனால் இரண்டாவதில் எல்லா ஃபேஸும் 120 டிகிரி தள்ளி நிற்கின்றன. எந்த ஃபேஸுக்கு நேர் எதிரே எந்த ஃபேஸ் நிற்கிறது என்பதைத் தனியே பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபேசிங்.

415 வோல்ட் பேனலில் இப்படிச் செய்யலாம். திறந்த பிரேக்கரின் இரு பக்கத்துக்கும் ஒரே மூலத்திலிருந்து சப்ளை கொடுத்துவிட்டு, தகுந்த வகுப்பு மீட்டரால் குறுக்கே அளக்க வேண்டும். ஆருக்கும் ஆருக்கும் இடையே பூஜ்யம் வர வேண்டும்; ஆருக்கும் ஒய்க்கும் இடையே 415 வர வேண்டும். ஒன்பது அளவுகளையும் எடுத்து எழுதுங்கள். ஆருக்கு நேரே ஆர் மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் வெவ்வேறு மூலம் என்றால் இந்த அளவு 0-க்கும் 480-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்; அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

ஜெனரேட்டருக்கு இன்னும் உறுதியான வழி உண்டு. பஸ்ஸை முழுவதும் டெட் செய்து, ஜெனரேட்டர் பிரேக்கரை மூடி, ஜெனரேட்டரைக் கொண்டே பஸ்ஸைச் சார்ஜ் செய்யுங்கள். இப்போது ஜெனரேட்டர் பிடியும் பஸ் பிடியும் ஒரே மின்னழுத்தத்தைத்தான் பார்க்கின்றன. சிங்க்ரோஸ்கோப்பைப் போட்டால் முள் அசையாமல் 12 மணியில் நிற்க வேண்டும். வேறு எங்கு நின்றாலும் முள் நோயைச் சொல்லிவிடுகிறது:

6 மணி என்றால் ஏதோ ஒரு பிடியின் போலாரிட்டி தலைகீழ். 4 மணி அல்லது 8 மணி என்றால் ஃபேஸ் ஒன்று தள்ளிப்போயிருக்கிறது. 1 மணி அல்லது 11 மணி என்றால் ஒருபுறம் லைன் வோல்டேஜையும் மறுபுறம் ஃபேஸ் வோல்டேஜையும் எடுத்திருக்கிறார்கள், அல்லது நடுவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் 30 டிகிரியைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறார்கள்.

12 மணி சரி என்றதும், பஸ் பிடியிலேயே சீக்வென்ஸ் மீட்டரை வைத்துச் சுழற்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜெனரேட்டரைப் பிரித்து, பஸ்ஸுக்குக் கிரிட்டிலிருந்து சப்ளை கொடுத்து, அதே பிடி, அதே முனைகளில் மறுபடி பாருங்கள். சுழற்சி மாறாமல் இருந்தால்தான் முதல் சிங்க்ரனைஸுக்குத் தகுதி.

9.5 சிங்க்ரோஸ்கோப்பைப் படிப்பது

முள் கடிகாரத் திசையில் சுற்றினால் உள்ளே வரும் இயந்திரம் வேகம். எதிர்த்திசையில் சுற்றினால் மெதுவு. ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்பதைக் கைக்கடிகாரத்தில் எண்ணுங்கள். 10 வினாடி என்றால் வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ். 15 வினாடி என்றால் 0.067. 20 வினாடி என்றால் 0.05. மேலே சொன்ன தரநிலையின் எல்லையைக் கட்டைவிரல் விதியாக்கினால், 15 வினாடிக்குக் குறையாத ஒரு சுற்று.

மூடும் ஆணையை 12 மணியில் கொடுத்தால் தாமதம். 15 வினாடிக்கு ஒரு சுற்று என்றால் முள் வினாடிக்கு 24 டிகிரி நகர்கிறது. பிரேக்கர் மூட 80 மில்லிவினாடி எடுத்தால் அதற்குள் முள் சுமார் 2 டிகிரி போய்விடும். மனிதக் கைக்கு அரை வினாடி என்று வைத்தால் இன்னொரு 12 டிகிரி. எனவே முள் 11-க்கும் 12-க்கும் நடுப்பகுதியைத் தாண்டும்போது கையைத் திருப்பினால், தொடுமுனைகள் 12-ஐ ஒட்டிச் சேரும். அதே பிரேக்கரை 0.5 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் மூடப் பார்த்தால், பிரேக்கரின் தாமதம் மட்டுமே 14 டிகிரிக்கு மேல். கையின் தாமதத்தையும் சேர்த்தால் 100 டிகிரி தாண்டிவிடும்.

ஜெனரேட்டருக்கு முள் மெதுவாகக் கடிகாரத் திசையில் வருவதே விரும்பத்தக்கது. அப்போது சேர்ந்தவுடன் இயந்திரம் கொஞ்சம் லோடு எடுக்கும். எதிர்த்திசையில் வரும்போது மூடினால் மோட்டாராக ஓடி, ரிவர்ஸ் பவர் ரிலேயில் ட்ரிப் ஆகலாம்.

முள் சுற்றாமல் 2 மணியிலோ 10 மணியிலோ நின்றுவிட்டால் "ஏறக்குறைய சரி" என்று மூடாதீர்கள். அது 60 டிகிரி. கவர்னரை ஒரு தட்டுத் தட்டி முள்ளை மறுபடி நகர வையுங்கள்.

பழைய டிஜி பேனல்களில் இன்னும் விளக்குகள் உண்டு. மூன்று ஃபேஸுக்கும் நேருக்கு நேர் விளக்கு போட்டிருந்தால், மூன்றும் சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் ஃபேஸ் வரிசை தலைகீழ், மூடவே கூடாது. எல்லாம் அணைந்திருக்கும் நேரத்தின் நடுவில்தான் கோணம் பூஜ்யம், அணைய ஆரம்பித்ததுமே அல்ல. குறுக்கே 480 வோல்ட் வரை வரும் என்பதால் சாதாரண 240 வோல்ட் பல்புகளை இரண்டிரண்டாகத் தொடரில் போடுகிறார்கள். பல்பு ஃபியூஸ் ஆனாலும் இருட்டுதான் என்பதால், ஒரு சுற்று முழுக்க எல்லாப் பல்பும் எரிவதைப் பார்த்த பிறகே அந்த இருட்டை நம்ப வேண்டும்.

9.6 படிப்படியாக: ஜெனரேட்டரை பஸ்ஸில் சேர்த்தல்

1. பிரேக்கர் திறந்திருப்பதை இண்டிகேஷனில் மட்டுமல்ல, யார்டில் அல்லது பேனலில் நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். எர்த் ஸ்விட்ச் திறந்திருக்க வேண்டும்.

2. ஜெனரேட்டரை முழு வேகத்துக்குக் கொண்டுவந்து, எக்ஸைட்டேஷன் கொடுத்து, மூன்று ஃபேஸ் மின்னழுத்தமும் சமமாக இருப்பதைப் பாருங்கள்.

3. ஐசொலேட்டர்களைக் கடைசியில் மூடுங்கள். எக்ஸைட்டேஷனோடு ஜெனரேட்டரை வெறும் திறந்த பிரேக்கரை நம்பி நீண்ட நேரம் விட்டுவைக்கக் கூடாது. முள் சுற்றச் சுற்ற அந்த இடைவெளியில் இரு மடங்கு மின்னழுத்தம் வந்து வந்து போகிறது. பிரேக்கர் போல் ஒன்றில் ஃப்ளாஷ் ஓவர் ஆகலாம்.

4. பிரேக்கர் அருகில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, தொலைவிலிருந்தே மூடத் தயாராகுங்கள்.

5. சிங்க்ரோஸ்கோப் சுவிட்சைப் போடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பேனலில் மட்டும். பல நிலையங்களில் இந்தச் சுவிட்சுக்குக் கழற்றக்கூடிய ஒரே கைப்பிடிதான் இருக்கும். இரண்டு பிடியின் வயர்கள் பின்புறத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுக்கவே அந்த ஏற்பாடு. இரண்டாவது கைப்பிடி செய்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

6. வோல்டேஜை ஏவிஆரால், வேகத்தைக் கவர்னரால் சரிசெய்யுங்கள். உள்ளே வரும் பக்கத்தை மட்டும் தொடுங்கள்.

7. குறைந்தது ஒரு முழுச் சுற்று பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் மூடுங்கள்.

8. மூன்று ஃபேஸ் ஆம்மீட்டரும் சமமாக ஏறுகின்றனவா என்று உடனே பாருங்கள். ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றால் ஒரு போல் மூடவில்லை, தயங்காமல் திறந்துவிடுங்கள்.

9. ரிவர்ஸ் பவரில் விழாத அளவுக்கு லோடு ஏற்றுங்கள். தனியே ஓடும்போது ஐசோக்ரனஸ் முறையில் இருந்த கவர்னர், கிரிட்டோடு சேர்ந்ததும் ட்ரூப் முறைக்கு மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செட் கிரிட்டின் அதிர்வெண்ணையே திருத்தப் பார்த்து, முழு லோடுக்கு ஏறிவிடும் அல்லது முழுவதும் இறக்கிவிடும்.

10. சிங்க்ரோஸ்கோப்பை அணைத்து, நேரத்தையும் அளவுகளையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

இரண்டு பேர் பேசிச் செய்யும் வேலை என்றால், சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. ஒரு நல்ல உரையாடல் இவ்வளவுதான்:

"2ம் நம்பர் டை. பிரேக்கர் ஓபன், ரெண்டு ஐசொலேட்டரும் க்ளோஸ், எர்த் ஸ்விட்ச் ஓபன். திருப்பிச் சொல்லுங்க தம்பி."

"2ம் நம்பர் டை சார். பிரேக்கர் ஓபன், ரெண்டு ஐசொலேட்டரும் க்ளோஸ், எர்த் ஸ்விட்ச் ஓபன். நான் யார்டை விட்டு வெளிய வந்துட்டேன் சார்."

"சரி சார்" என்பது பதில் ஆகாது.

9.7 சிங்க்-செக் ரிலே: அனுமதி மட்டும்தான்

பேனல் வரைபடத்தில் 25 என்ற எண்ணோடு இருப்பது சிங்க்-செக் ரிலே. கோணம், மின்னழுத்தம், அதிர்வெண் ஆகிய மூன்றும் செட்டிங்குக்குள் இருந்தால் மூடும் சுற்றில் தன் தொடுமுனையை இணைத்துவைக்கும். பிரேக்கரை மூடுவது அதன் வேலை அல்ல. தவறான நேரத்தில் நீங்கள் மூடப்போனால் தடுப்பதே அதன் வேலை. வித்தியாசத்தைக் கணித்து, பிரேக்கரின் தாமதத்துக்கு ஏற்ப முன்கூட்டியே ஆணை கொடுப்பது ஆட்டோ சிங்க்ரனைசர். இரண்டும் வேறு கருவிகள்.

பழைய வகை ரிலேயில் கோணமும் டைமரும் மட்டும்தான் இருக்கும். ±20 டிகிரி, 2 வினாடி என்று வைத்தால், 40 டிகிரி அகலத்தை முள் கடக்க 2 வினாடிக்கு மேல் ஆக வேண்டும். அதாவது அதிர்வெண் வித்தியாசம் சுமார் 0.056 ஹெர்ட்ஸுக்குள். டைமரை யாராவது அரை வினாடியாகக் குறைத்தால் அந்த எல்லை 0.22 ஹெர்ட்ஸாகத் தளர்ந்துவிடும். செட்டிங்கை மாற்றுபவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, கைப்பிடியை 'க்ளோஸ்' நிலையில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ரிலே அனுமதித்ததும் மூடிக்கொள்ளட்டும் என்று காத்திருப்பது. அப்போது தடுக்க வேண்டிய கருவியே மூடும் கருவியாகிவிடுகிறது. எல்லையின் விளிம்பிலேயே பிரேக்கர் மூடும். இரண்டு, ரிலே அனுமதிக்கவில்லை என்பதற்காக பைபாஸ் சுவிட்சைப் போடுவது. பைபாஸ் இருப்பது டெட் பஸ்ஸுக்காக. அதன் சாவி பொறுப்பு அதிகாரியிடம் இருக்க வேண்டும்.

9.8 முள் அசையாமல் நின்றால்

வளையத்தை மூடும்போதும் ட்ரிப் ஆன லைனைத் திரும்ப எடுக்கும்போதும் வருவது இந்த நிலை. லைன் துண்டானதும் அதில் போன சக்தி வேறு வழிகளில் சுற்றிப் போகிறது. சுற்றுவழி நீளமாக நீளமாக, லோடு கூடக்கூட, இரு முனைகளுக்கு இடையிலான கோணம் அகலும். லைன் நல்ல நிலையிலேயே இருந்தாலும் மூட முடியாமல் போகும்.

2003 செப்டம்பர் 28 அதிகாலை 3:01-க்கு சுவிட்சர்லாந்தின் லுக்மேனியர் லைன் மரத்தின் மீது ஃப்ளாஷ் ஆகி ட்ரிப் ஆனது. இத்தாலிக்குப் போகும் சக்தியில் கணிசமான பங்கு அந்த வழியாகச் சென்றுகொண்டிருந்தது. திரும்ப மூடும் முயற்சிகள் எல்லாம் தோற்றன: செட்டிங் 30 டிகிரி, நின்ற கோணம் 42 டிகிரி. ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்தது. கோணத்தைக் குறைக்க இத்தாலியின் இறக்குமதியைப் போதிய அளவு, போதிய வேகத்தில் குறைத்திருக்க வேண்டும். 3:25-க்கு அடுத்த லைனும் மரத்தில் பட்டு விழ, சில நிமிடங்களில் ஏறத்தாழ இத்தாலி முழுவதும் இருண்டது.

2011 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் 500 கிலோவோல்ட் லைன் ஒன்று ட்ரிப் ஆனது. கால் மணி நேரத்தில் திரும்ப எடுத்துவிடலாம் என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். கோணம் சிங்க்-செக் எல்லையான 60 டிகிரியைத் தாண்டிவிட்டது அவர்கள் கண்ணில் படவில்லை. 11 நிமிடத்தில் சான் டியேகோ உட்பட அந்த வட்டாரம் சப்ளை இழந்தது.

இவற்றிலிருந்து வேலைமுறை தெளிவாகிறது. கோணம் பெரிதாக நின்றால், அதைக் குறைக்க வேண்டும்: சக்தி அனுப்பும் பக்கத்தில் உற்பத்தியைக் குறைத்து, வாங்கும் பக்கத்தில் கூட்டுவது, அது போதாவிட்டால் வாங்கும் பக்கத்தில் லோடைக் குறைப்பது, முடிந்தால் வேறு இணைவழியை முதலில் மூடுவது. இதை நிலையத்தில் இருப்பவர் தனியாகச் செய்ய முடியாது. மாநில லோடு டெஸ்பாட்ச் மையம்தான் ஒருங்கிணைக்க வேண்டும். லைன் விழுந்தவுடன் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் தகவல்களில் ஒன்று, நிற்கும் கோணம் எத்தனை டிகிரி என்பது.

9.9 தீவைக் கிரிட்டோடு சேர்த்தல்

பிளாக் அவுட்டுக்குப் பிறகு சிறுசிறு தீவுகளாக உயிர்ப்பித்து, ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். விதிகள் குறைவு. சிறிய தீவே தன் வேகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் கவர்னரைத் தொட்டால் முள் என்றைக்கும் அடங்காது. தீவுக்குள் ஒரே ஓர் இயந்திரம்தான் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சேர்க்கும் இடத்தில் இரு பக்க பிடியும் சிங்க்ரோஸ்கோப்பும் இருக்க வேண்டும். வசதியில்லாத நிலையத்தில் சேர்க்கப் பார்க்கக் கூடாது. சேர்த்தவுடன் டை லைனில் சக்தி முன்னும் பின்னும் ஊசலாடும். அது அடங்கும் வரை அடுத்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஒரே ஒரு லைனில் தொங்கும் இணைப்பு பலவீனமானது. அடுத்த லைனை விரைவில் சேர்க்க வேண்டும்.

இதே வேலையின் மிகப்பெரிய வடிவங்களும் உண்டு. நம் தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 வரை நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒத்த வேகத்தில் ஓடவில்லை. தால்ச்சர்-கோலார் போன்ற நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக மட்டுமே சக்தி பரிமாறிக்கொண்டது. நேர்மின்னோட்ட இணைப்புக்கு இரு பக்க அதிர்வெண்ணும் கோணமும் பொருந்த வேண்டியதில்லை. சக்தி மட்டும் போகும், மறுபக்கத்தின் ஆட்டம் இந்தப் பக்கம் வராது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் சரிந்தபோது தெற்கு தப்பியது அதனால்தான். பிறகு ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகச் சிங்க்ரனைஸ் செய்து, நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணுக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் பால்டிக் நாடுகள் மூன்றும் ரஷ்யத் தொகுப்பிலிருந்து பிரிந்து, ஒரு நாள் தீவாக ஓடி, 9ம் தேதி ஐரோப்பியக் கண்டத் தொகுப்போடு சேர்ந்தன. அளவு எத்தனை பெரிதானாலும் பிரேக்கர் கேட்பது அதே நான்கு பொருத்தங்களைத்தான்.

9.10 சிங்க்ரோஸ்கோப் இல்லாமல் நடக்கும் இணைப்புகள்

டிரான்ஸ்ஃபார்மர்களை பேரலல் செய்தல். வெக்டர் குழுவின் கடிகார எண் பொருந்தாவிட்டால் இணைக்கவே கூடாது. 30 டிகிரி வித்தியாசம் என்றால் குறுக்கே 0.52 மடங்கு மின்னழுத்தம். இரண்டும் 5 சதவீத இம்பீடன்ஸ் என்றால் லோடே இல்லாமல் 5 மடங்குக்கு மேல் சுழல் மின்னோட்டம் ஓடும். எண் பொருந்தினாலும் டாப் நிலைகளைச் சமமாக்கிவிட்டே மூட வேண்டும்.

ஐசொலேட்டரால் பஸ் மாற்றுதல். ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு லோடோடு மாற்றும்போது பஸ் கப்ளர் மூடியிருக்க வேண்டும், மாற்றம் முடியும் வரை அது ட்ரிப் ஆகாதபடி வைத்திருக்க வேண்டும். நடுவில் கப்ளர் திறந்தால், இரண்டு பஸ்களையும் இணைக்கும் அல்லது பிரிக்கும் வேலை ஐசொலேட்டரின் தலையில் விழும். அதற்கு ஆர்க்கை அணைக்கும் திறன் கிடையாது. அதன் கீழே நிற்பவர் நீங்கள்.

ஆட்டோ ரீக்ளோஸ். சர்க்கரை ஆலையின் கோஜெனரேஷன் செட் ஒரு ஃபீடரில் சேர்ந்து ஓடுகிறது. ஃபீடர் நிலையத்தில் ட்ரிப் ஆகிறது. ஆலையின் செட் அந்த லைனை உயிரோடு வைத்துக்கொண்டு தனியே விலகி ஓடுகிறது. அரை வினாடியில் ரீக்ளோசர் கண்ணை மூடிக்கொண்டு மூடினால், என்ன கோணமோ அதிலேயே இணைப்பு. அத்தகைய ஃபீடர்களில் லைன் டெட் என்பதைச் சரிபார்த்த பிறகே ரீக்ளோஸ் நடக்க வேண்டும். ஆலைப் பக்கத்தில் கிரிட் போனதும் பிரிந்துகொள்ளும் பாதுகாப்பு, ரீக்ளோஸ் நேரத்துக்குள் செயல்பட வேண்டும்.

கடை, மருத்துவமனை, அடுக்குமாடி ஜெனரேட்டர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. அவற்றைக் கிரிட்டோடு பேரலல் செய்யவே கூடாது. மெக்கானிக்கல் இன்டர்லாக் உள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போதும். மின்வாரிய அனுமதியும் உரிய ரிலேக்களும் இல்லாமல் எந்த ஜெனரேட்டரையும் கிரிட்டில் சேர்ப்பது சட்டப்படியும் தவறு. எங்கோ கம்பத்தின் மேல் லைன் க்ளியர் வாங்கி வேலை பார்ப்பவரின் உயிருக்கும் ஆபத்து.

9.11 பேனலில் ஒட்டிவைக்க

மூடுவதற்கு முன்:
இரு பகுதிகளும் வேறு வழியில் இணைந்திருக்கின்றனவா? வரைபடத்தில் பார்த்தாயிற்றா?
கடைசி சிங்க்ரனைஸுக்குப் பிறகு கேபிள், டெர்மினல், பிடி எதிலாவது கைவைத்தார்களா? ஆம் எனில் ஃபேசிங் மறுபடி பார்த்தாயிற்றா?
யார்டில் யாரும் இல்லையா?
மின்னழுத்த வித்தியாசம் எல்லைக்குள் இருக்கிறதா?
ஒரு சுற்று 15 வினாடிக்குக் குறையாமல் இருக்கிறதா? முள் நின்றால், கோணம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா?
மூன்று ஃபேஸும் சமமாக ஏறவில்லை என்றால் திறப்பது யார் கை?

வேலையை நிறுத்த:
முள் துள்ளினால், திசை மாறினால், மீட்டரும் முள்ளும் வேறுவேறு கதை சொன்னால், எதிர்முனையின் பதில் தெளிவாக இல்லாவிட்டால், கையை எடுத்துவிடுங்கள். சிங்க்ரோஸ்கோப்பை அணைத்து, ஐசொலேட்டரைத் திறந்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு முதல் படியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த சுற்று எப்படியும் 15 வினாடியில் வந்துவிடும். எரிந்த ஸ்டேட்டரைத் திரும்பச் சுற்றிக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். தாமதத்துக்கு விளக்கம் கேட்கும் மேலதிகாரியிடம் இந்த ஒப்பீட்டைச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.